எதன் வழியாகப் பார்த்தது

2010ஆம் ஆண்டு மாட்டுப் பொங்கல், மாலை நான்கு மணி பத்து நிமிடம். நேரம் இவ்வளவு துல்லியமாக நினைவிருக்கக் காரணம், என் மகள் அப்போது சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, இந்த ரெண்டு முள்ளும் நடுவுல சேரவே இல்லப்பா" என்றாள்.

நான் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "பேட்டரி போயிருக்கும்" என்றேன்.

"பேட்டரி இல்லப்பா. நடுவுல ஒண்ணுமே இல்ல. உன் முகத்துலயும் மூக்கு இல்ல."

இனியாவுக்கு அப்போது ஒன்பது வயது. அன்று பகல் சூரிய கிரகணம். ஒன்றேகால் மணிக்கு அவள் கையில் ஒரு கண்ணாடியைக் கொடுத்துத் தோட்டத்தில் நிற்கவைத்து, "நல்லாப் பாரு, இவ்ளோ நேரக் கிரகணம் இனி உன் ஆயுசுல வராது" என்று சொன்னவன் நான். பதினைந்து ஆண்டுகள் ஆகிவிட்டன. அதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் வருவது என்னவோ எதிர் குவார்ட்டர்ஸ் அக்காதான்.

நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் அவரைப் பொட்டு மேடம் என்பார்கள். அவருடைய நெற்றியில் பல நாள் பொட்டு இருக்காது, வைத்துக்கொள்ள மறந்துவிடுவார். அவர் பொட்டு என்றது சூரியனில் தெரியும் கரும்புள்ளிகளை. காடாம்புலியூர்க்காரர், ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வேலை லேபரட்டரியில். சுரங்கத்திலிருந்து வரும் நிலக்கரியில் எவ்வளவு ஈரம், எவ்வளவு சாம்பல் என்று பார்த்து எழுதுவது.

காலை எட்டு மணிக்கு, முருங்கையின் நிழல் விழாத இடமாகப் பார்த்துப் பின்பக்கத் தோட்டத்தில் ஸ்டூலைப் போடுவார். பாண்டிச்சேரி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வாங்கிய பழைய பைனாகுலரை அதன்மேல் கட்டிவைத்திருப்பார். ஒரு குழலுக்கு மூடி போட்டிருக்கும். மற்றொரு குழல் வழியாகச் சூரியன் புகுந்து கீழே உள்ள வெள்ளைத் தாளில் ஒரு காசளவுக்கு விழும். அவர் சூரியனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து அந்தத் தாளில் உள்ள சூரியனைப் பார்ப்பார். "நானூறு வருசத்துக்கு முன்னாடி மொத மொதலா பாத்தவங்களும் இப்பிடித் தாள்ல விழ வெச்சித்தான் வரைஞ்சாங்க. இன்னி வரைக்கும் இத வுட நல்ல வழி எனக்குத் தெரியல" என்பார்.

தாளில் வட்டம் முன்கூட்டியே அச்சடித்திருக்கும். வட்டத்துக்குக் கீழே நான்கு வரிகள்: நாள், மணி, எத்தனை, எதன் வழியாகப் பார்த்தது. 'எத்தனை' என்ற வரியில்தான் அவருடைய குணம் முழுக்க இருந்தது. புள்ளி இருந்தால் எண்ணை எழுதுவார். இல்லையென்றால் பூஜ்யம். மேகம் மூடியிருந்தால் 'தெரியவில்லை'. ஊருக்குப் போயிருந்தால், திரும்பி வந்து அந்த நாளுக்கும் ஒரு தாள் எடுத்து, 'பார்க்கவில்லை'. இந்த மூன்றையும் ஒன்றாகப் பேசினால் அவருக்குப் பொறுக்காது. மாதக் கடைசியில் எல்லாவற்றையும், உலகம் முழுக்க இப்படி எண்ணுகிறவர்களிடமிருந்து வாங்கிச் சேர்த்துவைக்கும் ஓர் இடத்துக்கு அனுப்புவார்.

2008, 2009இல் சூரியனில் பெரும்பாலான நாட்கள் ஒன்றுமே இல்லை. அவர் வேலிக்கு வெளியே ஷிப்ட் பஸ்ஸுக்காக நிற்கும் ஆண்களுக்கு அது நல்ல பொழுதுபோக்கு. மூன்றாவது வீட்டில் ஓர் ஆபரேட்டர் இருந்தார், சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய இயந்திரம் ஓட்டுகிறவர். அவர்தான் தினமும் ஆரம்பிப்பார்.

"இன்னிக்கும் முட்டைதானா மேடம்?"

"முட்டைதாங்க."

"ரெண்டு வருசமா முட்டையே போடுது. அடை வெச்சா சூரியன் குஞ்சு பொரிக்குமா?"

எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். பிறகு, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். "முன்னூறு வருசத்துக்கு முன்னால ஒரு எழுவது வருசம் சூரியன்ல பொட்டே ரொம்ப அபூர்வமா இருந்துச்சிங்க. பின்னால வந்தவங்க, அந்தக் காலத்து ஆளுங்க ஒழுங்கா பாக்கலபோலன்னு நெனச்சிக்கினாங்க. தேடிப் பாத்தா, அவங்க நாள் தவறாம பாத்து, இல்லன்னு எழுதி வெச்சிருக்காங்க. அந்த 'இல்ல' இருந்ததாலதான் சூரியனுக்கே இப்பிடி ஒரு தூக்கம் உண்டுன்னு தெரிஞ்சிது. முட்டைன்னு நானும் எழுதிட்டுப் போறேன்."

"எழுதுங்க. நமக்கு அதனால கரண்ட் பில்லு கொறையுமா?"

"கரண்ட்டே போயிடுங்க. கனடாவுல ஒரு மாகாணமே ஒம்பது மணி நேரம் இருட்டுல கெடந்துச்சி. சூரியன்ல கிளம்புன புயலு, அங்க கரண்ட் லைன்ல புகுந்து எல்லாத்தையும் தள்ளிடுச்சி. இங்கேருந்து நாம எத்தினி ஊருக்கு லைன் இழுத்துக்கினு போறோம்? இத யாராவது பாத்துக்கினு இருக்கணும் இல்ல?"

பஸ் வந்துவிடும். ஆபரேட்டர் படியில் தொற்றிக்கொண்டே, "அப்ப இருட்டு வர்ற அன்னிக்கி முன்கூட்டியே சொல்லிடுங்க மேடம், நான் லீவு போட்டுர்றேன்" என்பார்.

இந்தப் பிடிவாதம் சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். என் மனைவி செல்வி புதிதாக ஏதாவது செய்து கிண்ணத்தில் கொண்டுபோய்க் கொடுத்து, "நல்லாருக்காக்கா?" என்று கேட்டால், கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு, "இன்னும் சாப்டலியேம்மா" என்பார். வேறு யாராக இருந்தாலும் வாசனையைப் பார்த்தே நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பார்கள்.

ஒருமுறை ஆபரேட்டர் வீட்டில் குக்கர் காணாமல் போனது. காலையில் குப்பை எடுக்க வரும் அம்மாவின் மேல் பழி. ஆபரேட்டரின் மனைவி நேரே அக்காவிடம் வந்தார்.

"அந்த நேரத்துல நீங்க பின்னாலதான இருப்பீங்க? அவ உள்ள பூந்தத பாத்திருப்பீங்களே?"

"நான் சூரியனப் பாத்துக்கினு இருந்தேங்க. அவங்களப் பாக்கல."

"அப்ப அவ வரலன்றீங்களா?"

"வரலன்னும் சொல்லல. பாக்கலன்னு சொல்றேன்."

"பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா நீங்க என்ன கொறஞ்சா போயிடுவீங்க?"

"அந்தம்மாவுக்கு வேல போயிடுங்க."

பத்து நாள் கழித்துத் திருவதிகையில் இருந்து குக்கர் தானாக வந்தது. ஆபரேட்டரின் தங்கை வீட்டு வளைகாப்புக்கு அவர் அம்மாவே எடுத்துப்போய்க் கொடுத்திருந்தார். அக்கா அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால், பழியை நம்பிய எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

கிரகணத்துக்கு வருகிறேன்.

அந்தக் கிரகணத்தில் சூரியன் முழு மோதிரமாகத் தெரியும் இடங்கள் தெற்கே இருந்தன. நெய்வேலியில் பாதிக்கு மேல் மறையும், அவ்வளவுதான். அக்கா தனுஷ்கோடிக்குப் போவதாக ஒரு வருடமாகவே சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி ஒரு கிரகண நாளில் குண்டூரில் வந்து உட்கார்ந்து பார்த்த வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குச் சூரிய ஒளியில் ஒரு மஞ்சள் கோடு தெரிந்ததையும், திருவிழாப் பலூனில் அடைக்கும் ஹீலியம் அந்தக் கோட்டின் வழியாகத்தான் முதலில் மனிதனுக்குத் தெரியவந்தது என்பதையும் இனியாவிடம் எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று தெரியாது. "வெளிநாட்டுல எங்கயோ இல்ல பாப்பா, இங்க குண்டூர்ல. ரயில்ல போற தூரந்தான்."

பொங்கலன்று சாயங்காலம், தோளில் பையுடன் எங்கள் வாசலில் நின்றார். விருத்தாசலம் போய் ரயில் பிடிக்க வேண்டும்.

"பாப்பாவுக்கு என்ன ஏற்பாடு தம்பி?"

"வெல்டிங் கண்ணாடி வாங்கி வெச்சிருக்கேன்கா."

"நம்பர் என்ன? நம்பர் கொறஞ்சா கறுப்பு கொறையும். ஓரத்துல பொறிச்சிருக்கும்."

"பதினாலு" என்றேன். பதினான்காம் நம்பர் கண்ணாடிதான் பாதுகாப்பு என்று எங்கேயோ படித்திருந்தேன். அந்த எண் வாயில் தயாராக இருந்தது.

"பாத்தீங்களா, சொல்றீங்களா?"

"பாத்தேன்கா."

அவர் தலையை ஆட்டினார். நடுவில் ஊசித்துளை போட்ட ஓர் அட்டையை இனியாவிடம் கொடுத்து, "இது வழியா தரையில விழவெச்சுப் பாரு, அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்கு ஓடினார். அட்டை பிரிட்ஜின் மேல் கிடந்தது.

நான் டைம் ஆபீஸில் வருகைக் கணக்கு எழுதும் எழுத்தர். வெல்டிங்கைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அதைப் பார்க்கக்கூடாது என்பதுதான். கான்ட்ராக்ட்டில் இரும்பு வெட்டும் ஒருவரிடம் ஒரு கண்ணாடி கேட்டேன். கொடுக்கும்போதே அவர், "சார், இது கேஸ் கட்டிங் கண்ணாடி. வெல்டிங்குது வேற" என்றார். "கறுப்பாத்தானப்பா இருக்கு, போதும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தேன். இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு கண்ணாடி இருக்கும். இரும்போடு புழங்குகிற ஊர். எக்ஸ்ரே படத்தை வைத்துப் பார்ப்பவர்களைக் கேலி செய்வோம். எங்களிடம் இருந்தது அசல் கண்ணாடி என்ற நினைப்பு.

மூக்கில்லாத முகம் என்று அவள் சொன்னதும் நான் முதலில் செய்தது அந்தக் கண்ணாடியை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தது. ஓரத்தில் சின்னதாக 5 என்று பொறித்திருந்தது.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர், "எதை வெச்சு பாத்தா?" என்று கேட்டார். கண்ணாடி என் பாக்கெட்டில் இருந்தது. "நாங்க அசந்த நேரத்துல வெறும் கண்ணால பாத்துட்டா சார்" என்றேன்.

இனியா என் பக்கம் திரும்பினாள். என் முகத்தின் நடுப்பகுதி அவளுக்குத் தெரிந்திருக்காது. ஆனாலும் அங்கேயே பார்த்தாள். பிறகு டாக்டரிடம், "ஆமா அங்கிள். நான்தான் பாத்தேன்" என்றாள். அவர் அவளைத் திட்டினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். கண்ணின் நடுவில் சூடு பட்டிருக்கும் என்றும், லீவு முடிந்து திங்கட்கிழமை பாண்டிச்சேரியில் கண் டாக்டரிடம் காட்டும்படியும் எழுதிக்கொடுத்தார். சரியாகுமா என்று செல்வி கேட்டதற்கு, பார்க்கலாம் என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காணும் பொங்கல். மத்தியானம் அக்கா வந்தார். பையைக் கூட இறக்காமல், விஷயத்தைச் செல்வி சொல்லச் சொல்லக் கேட்டார். எப்படிப் பார்த்தாய் என்று கேட்கவில்லை. வீட்டுக்குப் போய், வட்டம் அச்சடித்த தாள்கள் இரண்டைக் கொண்டுவந்தார். வட்டத்தின் நடுவில் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"பாப்பா, இந்தக் கண்ண மூடிக்கோ. இங்க புள்ளி வெச்சிருக்கேன். தெரியலன்னாலும் அது இருக்கற பக்கமே பாரு. எது வரைக்கும் ஒண்ணும் இல்லையோ, அதச் சுத்தி பென்சிலால கோடு போடு."

இனியா போட்டாள். வலது கண்ணுக்கு ஒரு கோலிக்குண்டு அளவு. இடது கண்ணுக்கு அதைவிடப் பெரிதாக, ஒரு பக்கம் நசுங்கிய வடிவம். அக்கா நாள் எழுதினார். மணி எழுதினார். நான்காவது வரிக்கு வந்ததும் பென்சில் நின்றது.

"எது வழியா பாத்த?"

"வெறும் கண்ணு ஆன்ட்டி."

அவர் எழுதவில்லை. என்னையும் பார்க்கவில்லை. பென்சிலைத் தாளின் மேல் வைத்தபடி காத்திருந்தார். அடுக்களையில் செல்வி பாத்திரத்தை வைக்கிற சத்தம் கேட்டது.

"அஞ்சாம் நம்பர்க்கா" என்றேன். "கேஸ் கட்டிங் கண்ணாடி. நான்தான் குடுத்தேன். அன்னிக்கி உங்ககிட்ட பாக்காமத்தான் பதினாலுன்னு சொன்னேன். டாக்டர்கிட்டயும் மாத்திச் சொல்லிட்டேன்."

செல்வி அடுக்களை வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. அக்கா வரியை நிரப்பினார். இரண்டு தாளையும் என் கையில் கொடுத்தார்.

"திங்கக்கெழம டாக்டர்கிட்ட இதக் குடுங்க. இதான் சொல்லணும்" என்றார். படியிறங்கியவர் திரும்பி, "நானும் அந்தக் கண்ணாடிய கையில வாங்கிப் பாக்காமத்தான் போனேன் தம்பி" என்றார்.



பாண்டிச்சேரி டாக்டர் தாள்களைப் பார்த்தார், கண்ணைப் பார்த்தார். மருந்து எதுவும் கிடையாது என்றார். பலருக்குச் சில மாதங்களில் தானாகக் குறையும், சிலருக்கு நின்றுவிடும், ஜூனில் வாருங்கள், அதுவரை இப்படியே வரைந்துகொண்டிருக்கட்டும் என்றார்.

அன்றிலிருந்து காலை எட்டு மணிக்கு எதிர் தோட்டத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். அக்கா தன் தாளில் சூரியனை வரைவார். அவருக்குப் பக்கத்தில் இன்னொரு ஸ்டூலில் இனியா, சூரியன் பக்கமே திரும்பாமல், தன் இரண்டு கண்ணையும் வரைவாள். இருவர் தாள்களும் ஒரே கோப்பில் போயின. அந்த மாதங்களில் சூரியனில் பொட்டுகள் மெல்லத் திரும்பி வர ஆரம்பித்திருந்தன. ஷிப்ட் பஸ்ஸுக்கு நிற்கும் ஆபரேட்டர் கேலியை நிறுத்திவிட்டார். வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, "பாப்பா, இன்னிக்கு எவ்ளோ?" என்று மட்டும் கேட்பார். "பட்டாணி அங்கிள்" என்பாள். பஸ்ஸில் ஏறிப் பக்கத்து ஆளிடம், "கோலிக்குண்டுலேருந்து பட்டாணிக்கு வந்துடுச்சுய்யா" என்று சொல்வது எனக்குக் கேட்கும்.

எங்கள் வீட்டில் அப்போது நாங்கள் சரியாக இல்லை. செல்வி என்னோடு பேசுவதைக் குறைத்திருந்தாள். இனியா தாளை எடுத்து வந்ததும் நாங்கள் இருவரும் அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்ப்போம். கோடு நேற்றைவிடப் பெரிதாக இருந்தால் செல்வி பூஜை அறைக்குள் போய்விடுவாள்.

மார்ச் மாதம் ஒருநாள் இனியா இரண்டு வட்டத்தையும் வெறுமையாக விட்டுப் பூஜ்யம் போட்டுக் கொடுத்தாள். நான் வேலியைத் தாண்டிக் குதிக்காத குறை. அக்கா தாளைக் கோப்பில் வைக்கவில்லை.

"இல்லயா பாப்பா, இருக்குதா?"

அவள் தாளின் ஓரத்தை மடித்தாள். பிறகு, "அம்மா அழுவறாங்க ஆன்ட்டி" என்றாள்.

"அழுவட்டும். அவங்க அழுவறதுக்காக நீ இருக்கறத இல்லன்னு எழுதுனா, நெஜமாவே இல்லாமப் போற அன்னிக்கி யாரும் நம்பமாட்டாங்க. அந்த நாளு உனக்கு வேணும் இல்ல?"

இனியா புதுத் தாள் எடுத்தாள். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். அந்தப் பேச்சு அவளுக்கு மட்டும் சொன்னதல்ல என்று எனக்குப் பட்டது. வீட்டுக்குள் போய் செல்வியிடம், இனிமேல் தாளைக் கேட்க வேண்டாம், அவளாகக் காட்டினால் பார்ப்போம் என்றேன். ஜனவரிக்குப் பிறகு அவள் என் பேச்சுக்குத் தலையாட்டியது அன்றுதான்.

இதற்கு அடுத்த வருடக் கடைசியில் தானே புயல் வந்தது. எங்கள் பக்கம் ஒரு பலா, ஒரு முந்திரி மிச்சமில்லாமல் சாய்ந்தது. காடாம்புலியூரில் அவர்கள் குடும்பத் தோப்பு முழுக்கப் படுத்துவிட்டதாக ஆள் வந்து சொன்னபோது, அக்கா விழுந்த முருங்கையின் கிளைகளை விலக்கி ஸ்டூல் போட இடம் தேடிக்கொண்டிருந்தார். வானம் அப்போதுதான் வெளுத்திருந்தது. "தோப்பே போயிடுச்சி, இப்பவுமாக்கா?" என்றாள் செல்வி. "நேத்து தெரியலன்னு எழுதினேன். இன்னிக்குத் தெரியுது இல்ல" என்றார். தாளை வரைந்து முடித்துவிட்டு, அங்கேயே முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அதன் பிறகுதான் ஊருக்குப் போனார். ரிடையர் ஆனதும் அங்கேயே போய்விட்டார். அவரை நான் நினைக்கும்போது இந்தக் காட்சியும் வரும். ஆனால் அதிகம் வருவது, அதற்கு முந்தைய வருடம் ஜூன் மாதம், பாண்டிச்சேரி.

டாக்டர் அன்று அறுவை சிகிச்சையில் இருந்ததால் மூன்று மணிக்குத்தான் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். நூற்றைம்பது நாள் தாள்களை முதலிலிருந்து புரட்டினார். வலது கண் முழுமையாகத் திரும்பிவிட்டது என்றார். இடது கண்ணில் ஓர் இடம் மட்டும் மிச்சம், அது இனிப் போகாது. இரண்டு கண்ணையும் திறந்துவைத்தால் அவளுக்கு அது இருப்பதே தெரியாது. படிக்கலாம், சைக்கிள் ஓட்டலாம், எல்லாம் செய்யலாம் என்றார். செல்வி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு வந்தது சந்தோஷம்தானா என்று தெரியவில்லை. வராந்தாவில் வந்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம்.

நான்கரை மணி இருக்கும். அரை நாள் லீவு போட்டு, கடலூரில் பஸ் மாறி, வேர்த்து விறுவிறுத்து அக்கா வந்து சேர்ந்தார். நான் எழுந்து சொல்ல வாயெடுத்தேன். கையால் என்னை நிறுத்திவிட்டு இனியாவின் முன்னால் தரையில் உட்கார்ந்தார். இனியா வலது கண்ணை மூடி, இடது கண்ணால் அவரைப் பார்த்தாள்.

"உங்க ஒரு பல்லு மட்டும் தெரியல ஆன்ட்டி. மத்ததெல்லாம் இருக்கு."

அக்கா அவள் முழங்காலில் நெற்றியை வைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து அவள் கண்ணைப் பார்த்தார்.

"ஆன்ட்டி, அன்னிக்கி தனுஷ்கோடியில மோதிரம் எப்பிடி இருந்திச்சு? சொல்லவே இல்லியே" என்று இனியா கேட்டாள். பிளாக்கில் அத்தனை பேரும் கேட்டு, யாருக்கும் அவர் பதில் சொல்லியிருக்கவில்லை.

"நான் எங்க பாத்தேன்? பத்து நிமிசம் இருந்திச்சாம். பக்கத்துல ரெண்டு பசங்க எக்ஸ்ரே படத்த வெச்சிக்கினு நின்னாங்க. அதப் புடுங்கி, அவங்க கண்ணப் பொத்திக்கினு நின்னேன். ஊரான் வூட்டுப் புள்ளைங்களப் பொத்திக்கினு நின்னேன், உன்ன இங்க வுட்டுட்டு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "போவுது. ரெண்டாயிரத்துப் பத்தொம்பதுல ஒண்ணு வருது. திருச்சிப் பக்கம், கிட்டதான். நாம ரெண்டு பேரும் போவோம். நீ மோதிரத்தப் பாரு பாப்பா, நான் பக்கத்துல இருக்கறவங்களப் பாத்துக்கறேன்."